படத்தில் இருந்த முகம்

யாழ்ப்பாணத்தில் குற்ற வழக்குகளுக்குத் தோன்றத் தொடங்கிய காலத்தில், கண்ணால் கண்டவர் சொல்வதை விடப் பெரிய சாட்சியம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு சங்கிலி அறுப்பு வழக்கு.

முறைப்பாட்டாளர் அறுபது வயது கடந்த ஓர் அம்மா. பின்னேரம் கோயிலால் வந்து வீட்டுப் படலையைத் திறக்கும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். சில வாரங்களில் ஒருவரைப் பிடித்தார்கள். நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ளவர்களோடு அவரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அம்மா ஒருதரம் பார்த்தார், நேரே போய் அவருடைய தோளைத் தொட்டார். தயக்கமே இல்லை.

நான் எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகத் தோன்றினேன். குறுக்கு விசாரணையில் கேட்டேன்: "அணிவகுப்புக்கு முதல் இவரை எங்கையாவது கண்டனீங்களோ அம்மா?"

"ஓம் பிள்ளை. பொலிசார் வீட்டை வந்து போனிலை படம் காட்டினவை. இவன்தானே எண்டு கேட்டவை."

"எத்தினை படம்?"

"ஒண்டுதான்."

ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அதில் பிழை இருப்பதாகவும் அவருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் இளம் சட்டத்தரணிகள் தடுக்கி விழுகிறோம். படம் காட்டிவிட்டார்கள், ஆகவே சாட்சியத்தையே ஏற்கக்கூடாது என்று வாதாடப் போகிறோம். ஆனால் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஆளடையாளத்தை நிறுவும் நிகழ்வுகளை உள்ளே விடுகிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 124ஆம் பிரிவு அணிவகுப்புக்கு வழி செய்கிறது. சாட்சியம் உள்ளே வந்துவிடும். அதற்கு எவ்வளவு பெறுமதி என்பதுதான் கேள்வி. அங்கேதான் 1976இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் டேர்ன்புல் வழக்கில் சொன்னவை கை கொடுக்கும்: எவ்வளவு நேரம் கண்டார், எவ்வளவு தூரத்தில், வெளிச்சம் எப்படி, இடையில் ஏதும் மறைத்ததா, முதலில் சொன்ன அங்க அடையாளமும் ஆளும் பொருந்துகின்றனவா.

சரி, அம்மாவின் முதல் முறைப்பாட்டில் என்ன இருந்தது? "மெலிஞ்ச பொடியன், ஹெல்மெற் போட்டிருந்தவன்." அவ்வளவுதான். மூக்கும் இல்லை, மீசையும் இல்லை. பிறகு வந்த அந்த ஒற்றைப் படம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டது.

கடைசியாகக் கேட்டேன்: "அண்டைக்குப் படலையடியிலை கண்ட முகம் இப்ப நினைவிருக்கோ?"

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"படத்திலை இருந்த முகம்தான் வருது, பிள்ளை."

எதிரி விடுதலையானார். அவர்தான் அறுத்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அந்த அம்மாவின் ஞாபகம். ஒத்த தோற்றமுள்ள பல படங்களோடு கலந்து காட்டி, அவர் முதலில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தால், அல்லது படமே காட்டாமல் அணிவகுப்புக்குக் கூட்டி வந்திருந்தால், அந்த ஞாபகம் பழுதாகியிருக்காது. எதிரிக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று இதை நான் நினைக்கவில்லை. தீர்ப்பன்று அம்மா வெறுங்கழுத்தோடுதான் பஸ் ஏறப் போனார்.