பழைய கேசட் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து உரிமம் கொடுத்த அனுபவம்

1998-ல் வெளிவந்த என் நாட்டுப்பாட்டு கேசட்டில் இருந்து ஒரு பாட்டை வெப் தொடருக்குக் கேட்டார்கள். பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் பழைய பதிவு காட்சியில் ஒட்டாது, இந்தக் காலத்துச் சத்தத்தில் செய்து தர முடியுமா என்றார்கள். இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று வீட்டில் தயங்கினார்கள். எனக்கோ அந்தப் பாட்டு இன்னும் என்னுடையதுதானா என்பதே முதல் கவலை.

பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். ஒரே பக்கம். ‘எல்லா உரிமைகளும்’ கேசட் நிறுவனத்துக்கு என்று இருந்தது. எத்தனை வருடத்துக்கு என்று எங்கும் இல்லை. வழக்கறிஞரிடம் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்றார். 1995 மே 10-க்கு முன் எழுதிய ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது. நான் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகு. ஆக, வரியும் மெட்டும் எப்போதோ என்னிடம் திரும்பி வந்துவிட்டன. அந்தப் பழைய ஒலிப்பதிவு மட்டும் நிறுவனத்துடையது.

என் வயதுப் பாடலாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காட்சியோடு ஒரு பாட்டைச் சேர்க்க இரண்டு அனுமதி தேவை. வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, பதிவுக்கு ஒன்று. நாமே செலவு செய்து புதிதாகப் பதிவு செய்தால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதனால்தான் பாட்டுத் தேடுகிறவர்களுக்கும் அப்படிப்பட்ட பாட்டு என்றால் வசதி.

கேசட்டைக் கணினியில் ஏற்றுவதே தனி வேலையாகிவிட்டது. டெக்கில் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை நூலளவு திருப்பியதும், போர்வைக்குள் இருந்து பாடியது போல இருந்த என் குரல் தெளிவாக எழுந்தது. பெல்ட் தளர்ந்திருந்ததால் சுருதி இறங்கி ஓடியது. ஹார்மோனியத்தில் கட்டையைச் சரிபார்த்துத்தான் அசல் சுருதியைப் பிடித்தோம்.

பதிவு செய்தது ஒரு இளைஞரின் வீட்டு ஸ்டூடியோவில். பாட்டு, தாளத்தை மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் இருந்தது. “ஐயா, இந்தத் திஸ்ர நடைய நாலா மாத்திட்டா இன்னிக்கு சவுண்டு வந்துரும்” என்றார். சரி, பார்ப்போம் தம்பி என்று பாடினேன். இரண்டாவது வரியிலேயே இடறியது. தாளத்தை நிரப்ப, குறில் எல்லாம் நெடிலாக இழுபட்டது. பேச்சு போல வந்து விழ வேண்டிய வரி செய்தி வாசிப்பது போல நின்றது. அவருக்கே அது கேட்டுவிட்டது. திஸ்ரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உறுமிக்கு அடியில் ஆழமான எலக்ட்ரானிக் பேஸை ஓட்டினார். அந்தக் காலத்தில் நாங்கள் நிரப்பி வைத்த கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் முழுவதையும் எடுத்தார். பாட்டு இளமையாகிவிட்டது. காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது பெரும்பாலும் வாத்தியங்களையும் இடைவெளிகளையும்தான் என்று அன்று உறுதியாக நம்பினேன். நடையில் கை வைத்தால் வரி செத்துவிடும்.

நீண்ட முகப்பு இசையை வெட்டிவிட்டுப் பல்லவியில் நேராகத் தொடங்கினோம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் அண்ணனைப் பற்றிய சரணம் காட்சிக்குப் பொருந்தாது என்றார்கள். அந்தச் சரணம்தான் இந்தப் பாட்டின் உயிர். முழுப் பாட்டில் அதை விடாமல் வைத்தேன். காட்சிக்கென்று பல்லவியும் ஹம்மிங்கும் மட்டும் உள்ள வடிவம் ஒன்று தனியாகச் செய்தோம். அரைக்கட்டை இறக்கி நானே பாடினேன். குரலில் ஏறியிருந்த கரகரப்பு அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஒப்படைக்கும்போது குரல் இல்லாத வடிவம், தாளம், பேஸ், குரல் எனத் தனித்தனி ஸ்டெம்கள் (பிரித்தெடுத்த ஒலித்தடங்கள்) எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல்களாகக் கேட்டார்கள். வசனம் வரும் இடத்தில் குரலை மட்டும் எடுத்துவிட அது உதவும். உறுமிக்காரர், ஸ்டூடியோ தம்பி இருவரிடமும் பங்கும் சம்மதமும் எழுத்தில் வாங்கியிருந்தேன். இதைப் பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் நட்பு கெடும்.

அப்புறம் ஒப்பந்தம். ராயல்டி உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அதில் இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை அப்படி விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த வரியை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். இந்த ஒரு தொடருக்கு மட்டும், இத்தனை வருடம், மற்றவர்களுக்கும் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று தெளிவாக எழுதி வாங்கினேன்.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, பாட்டை வரிக்கும் மெட்டுக்கும் சேர்த்து என் பெயரில் பதிவு செய்தேன். தொடரில் எந்தப் பாட்டு வருகிறது, அது யாருடையது என்று குறிக்கும் பட்டியலான கியூ ஷீட்டில் என் பெயரும் பாட்டின் தலைப்பும் அங்கே பதிவான அதே எழுத்துகளில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தது. மறுநாளே திருத்தி அனுப்பினார்கள்.