ஸ்டுட்கார்ட் நாட்குறிப்பு: மாணவர் பரிமாற்றப் பயணத்தில் கார் அருங்காட்சியகம்

மே 12, 2025, திங்கள்

மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம், போர்ஷே அருங்காட்சியகம் இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பயணத் திட்டம் போடும்போதே இதைப் பார்க்காவிட்டால் ஒரு நாள் வீண். நாளை மெர்சிடிஸ். எஸ்1 ரயிலில் நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காலை 9 மணிக்குத் திறப்பு, மாலை 6 மணிக்கு மூடல். டிக்கெட் கவுன்ட்டரை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். மாணவர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

லிஃப்ட் நேரே மேல்தளத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். வழியில் சுமார் 160 வண்டிகள். மேல்தளத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டு, கீழே பந்தயக் கார்களின் முன் படம் எடுத்தே பொழுதைப் போக்குவது பெரிய இழப்பு. தயவுசெய்து மேல்தளத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஒரு மோட்டார் வண்டி எப்படி ஓடுகிறது என்பது மூடி மறைக்காமல் கண்ணுக்குத் தெரிவது அங்கேதான்.

1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியின் நகல் அங்கே இருக்கிறது. (அசல் வண்டி மியூனிக்கில், டாய்ச்சஸ் மியூசியத்தில்.) பின்பக்கமாகப் போய் நின்று பாருங்கள். ஒற்றை சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன். எஞ்சின் சீராகச் சுழல உதவும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் படுக்கையாகக் கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தால் அதன் சுழற்சி வண்டியைத் திருப்பவிடாது என்று பென்ஸ் கருதினார். அதைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சினிலிருந்து பெல்ட், அடுத்து டிஃபரன்ஷியலோடு (திருப்பத்தில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கூடிய குறுக்குத் தண்டு, அதன் இரு முனையிலிருந்தும் பின்சக்கரங்களுக்குச் செயின். கிளட்ச்? நெம்புகோலைத் தள்ளினால், சும்மா சுழலும் கப்பியிலிருந்து பெல்ட் பக்கத்துக் கப்பிக்கு நகரும், வண்டி கிளம்பும். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது. அதனால் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கீழே, 1954-இன் மெர்சிடிஸ் ஸ்போர்ட்ஸ் கார், 300 எஸ்எல். கதவு மேல்நோக்கித் திறப்பது அழகுக்காக அல்ல. மெல்லிய குழாய்களால் ஆன சட்டகம் பக்கவாட்டில் உயரமாகப் போகிறது. சாதாரணக் கதவுக்கு அங்கே இடமில்லை. பானெட் தாழ்வாக இருக்க, எஞ்சினை 50 டிகிரி சாய்த்துப் பொருத்தினார்கள். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. இதில் ஒரு தொல்லை: சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் சுழன்று நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைத் தள்ளும். அது எரியாமல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

மே 14, புதன்

வீஸ்லோக். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு, கணவரின் மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போகும் வழியில் எரிபொருள் வாங்கிய மருந்துக்கடை இந்த ஊரில்தான். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். கறை நீக்க மருந்துக்கடையில் விற்ற லிக்ரோயின்தான் வண்டிக்கு எரிபொருள். நேற்று எஞ்சினைப் பார்த்த கண்ணோடு வந்தால் அந்தப் பயணத்தின் கோளாறுகள் தெளிவாகப் புரிகின்றன. எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இருந்த கியர் போதாமல் மேட்டில் இழுக்கவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு பென்ஸ், மேடு ஏற ஒரு கியரைக் கூடுதலாகச் சேர்த்தார்.