கோலும் கால்சட்டையும்

மார்ச் 4
இஸ்ரஹெல் வான் மெக்கெனெம் செதுக்கிய 'சண்டைக்கார மனைவி' என்ற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெர்மனியின் போகோல்ட் நகரப் பொற்கொல்லரான அவர், 1503-இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆண்-பெண் இணைகளை வைத்துச் செப்புத்தகட்டில் செதுக்கிய தொடரில் இதுவும் ஒன்று. மனைவி, நூற்பதற்கான இழையைச் சுற்றிவைக்கும் கோலைக் கணவன்மேல் ஓங்குகிறாள். தரையில் கால்சட்டை கிடக்கிறது. மேலே ஒரு பிசாசு பறக்கிறது. அந்தக் கால்சட்டை யாருக்கு என்பதுதான் சண்டை, அதாவது வீட்டில் யார் அதிகாரம் என்பது. ஆனால் அவள் ஓங்குவது, அன்றாடம் நூல் நூற்கும் கருவி. அந்த உழைப்பைக் கண்டுகொள்ளாத படம், கருவியை மட்டும் ஆயுதமாக்கிச் சிரிக்கிறது. இதே மனிதர் 1490 வாக்கில் தம்மையும் மனைவி ஈடாவையும் ஒரே தகட்டில் அருகருகே செதுக்கியிருக்கிறார். அதில் எந்தக் கேலியும் இல்லை.

மார்ச் 6
பீட்டர் ப்ரூகல் 1558-இல் வரைந்து, ஆண்ட்வெர்ப்பில் அச்சான 'ரசவாதி'. இதில் கேலி ஆணின்மேல் விழுகிறது என்பதால் எனக்கு மெக்கெனெமைவிட இது பிடிக்கிறது. கணவன் கடைசிக் காசையும் உலையில் கரைத்துக்கொண்டிருக்க, நடுவில் அமர்ந்த மனைவி வெறும் பணப்பையைத் துழாவுகிறாள். குழந்தைகள் காலியான அலமாரிக்குள் ஏறி விளையாடுகிறார்கள், ஒருவன் தலையில் பானையைக் கவிழ்த்திருக்கிறான். சன்னலுக்கு வெளியே அதே குடும்பம் ஏழையர் விடுதிக்குள் நுழைகிறது. இருந்தாலும் மனைவிக்கு இங்கே துன்பப்படுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை.

மார்ச் 7
ப்ரூகலின் படங்களை வெளியிட்ட 'நான்கு காற்றுகள்' அச்சுக்கடையை ஹியரோனிமுஸ் காக்கின் கடை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். 1570-இல் அவர் இறந்தபின் அதை 1600-இல் தாம் இறக்கும்வரை நடத்தியவர் மனைவி வோல்க்ஸ்கென் டீரிக்ஸ். மறு ஆண்டு எடுத்த சொத்துப் பட்டியலில் ஏறத்தாழ 1,600 செப்புத்தகடுகள் இருந்தன. படங்களில் இப்படியொரு பெண்ணை நான் தேடிப் பார்த்தவரை காணவில்லை: கணக்கைப் பார்ப்பவளாக, தகட்டைக் காப்பவளாக, விலை பேசுபவளாக.

மார்ச் 9
1572-இல் அந்த அம்மையார் வெளியிட்ட ஓவியர் உருவப்படத் தொகுப்பைப் புரட்டினேன். மொத்தம் 23 படங்கள்; மறைந்த கணவரின் படமும் அதில் உண்டு. 23 பேரும் ஆண்கள்.