குளிர்ப் பகுதியில் மாவும் பப்பாளியும்

குளிர்ப் பகுதியில் மா, கொய்யா, பப்பாளி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் தோட்டத்தில் நான் கண்டவரை, ஓர் இரவின் உறைபனியைவிட, வாரக்கணக்கில் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும் மண்ணே அதிகக் கன்றுகளைக் கொல்கிறது.

மண் குளிர்ந்தால் வேர் நீரை உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். அப்போதும் கோடையைப் போலவே தண்ணீர் விட்டால், வேருக்குக் காற்று கிடைக்காமல் போய், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் பற்றிக்கொள்கின்றன. இதில் பப்பாளிதான் மிகவும் நலிந்தது. மேலே இலைகள் பச்சையாக இருக்கும்போதே அடித்தண்டு கொழகொழத்துவிடும். ஆகவே அதை மேட்டுப்பாத்தியில்தான் நடுகிறேன். குளிர்காலத்தில் மேல்மண் நன்கு உலர்ந்த பிறகே நீர் விடுகிறேன்.

அடுத்தது இடம். காற்றும் மேகமும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. சரிவின் அடியில் நின்ற கன்று கருக, சற்று மேலே நின்ற அதே வகைக் கன்று தப்பிவிடுவது இதனால்தான். வட அரைக்கோளத்தில், பகல் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடும் கற்சுவரின் தெற்குப் பக்கமே இவற்றுக்கு ஏற்றது.

போர்வையாகத் துணியே நல்லது. அது தரைவரை தொங்கினால்தான் மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே தங்கும். தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதால் பயன் அதிகமில்லை. ஒட்டு மாங்கன்றில் உச்சி கருகினாலும் பரவாயில்லை, ஒட்டுக்கு மேலே ஒரு சாண் தண்டு உயிரோடிருந்தால் போதும். அதற்காகக் குளிருக்கு முன் அந்த உயரம்வரை மண் அணைத்து, இளவேனிலில் விலக்கிவிடுகிறேன். கருகிய கிளைகளையும் புதுத் துளிர் எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகுதான் வெட்டுகிறேன்.

பிழைத்த மரமெல்லாம் காய்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்ச்சி மாவைப் பூக்கத் தூண்டும். ஆனால் பூத்த வேளையில் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் மகரந்தக் குழல் சரியாக வளராது, பிஞ்சும் பிடிக்காது. குளிர் விலகும் முன்பே வந்த பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால், பல வகைகளில் பக்க மொட்டுகளிலிருந்து சற்றுத் தாமதமாக மீண்டும் பூக்கும். எனக்குக் கிடைக்கும் காய்களில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பூவிலிருந்து வந்தவையே.