மாண்டரினுக்கான கோப்பிபாட் வாளி: மூன்றாவது தடவையும் காலி

மாண்டரின் என்ற கடல் மீனுக்குத் தீனியாக டிஸ்பி வளர்க்கும் வாளி மறுபடியும் போச்சு. டிஸ்பி என்பது கோப்பிபாட் எனும் பொடி ஓட்டுடலிகளில் ஒரு வகை. பத்து லிட்டர் உப்புநீர், அடர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. அதிலெல்லாம் குறையில்லை, டிஸ்பிக்கு ஊட்டும் பைட்டோதான் (நுண்பாசி) கூடிப்போனது. அடியில் போட்ட வெள்ளைத் தட்டு மங்கலாகவாவது தெரிய வேண்டும். அந்த இளம்பச்சை போதும். கரும்பச்சையாகும்வரை ஊற்றினால் பாசி செத்து அடியில் படியும், அம்மோனியா ஏறும், விடிவதற்குள் வாளி சுடுகாடு. தண்ணீர் தெளிந்த பிறகே அடுத்த ஊட்டம். தெரிந்தே செய்த தப்பு என்பதுதான் எரிச்சல்.

காற்றுக் கல்லும் வேண்டாம். பொடிக் குமிழிகள் டிஸ்பிக் குஞ்சுகளில் ஒட்டி மேலே தூக்கிவிடும். வெறுங்குழாயில் நொடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழி வந்தால் சரி. வடிக்கும்போது 150 மைக்ரான் வலையில் நிற்பவை தொட்டிக்கு, 50இல் நிற்கும் குஞ்சுகள் திரும்ப வாளிக்கு. ரோட்டிஃபர் என்ற இன்னொரு நுண்ணுயிரி நுழைந்த வாளியில் இது பலிக்காது. 50இல் அதுவும் சேர்ந்து நிற்கும். அதனால் எப்போதும் இரண்டு வாளி, இரண்டுக்கும் தனித்தனி வலை.

கோப்பிபாட்டைப் பாட்டிலில் வாங்குபவர்கள் டார்ச் அடித்து அசைவைப் பார்த்துவிட்டு எடுங்கள். டிக்ரியோபஸ் என்ற இன்னொரு வகை சிவப்பாக, பெரிதாக, பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் நீந்தித் திரிவதால் மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும். டிஸ்பி பாறை இடுக்கில் ஒட்டிக் கிடக்கும். மாண்டரின் கொத்துவதும் அங்கேதான்.

ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை, அலையடங்கிய லகூன்களில், உடைந்த பவளக் குவியலுக்குள் வாழும் மீன் இது. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். அகன்ற இடுப்புத் துடுப்புகளை ஊன்றி நகரும், நின்று உற்றுப் பார்க்கும், குழாய்போல் நீளும் சின்ன வாயால் ஒன்றைக் கொத்தும். பகல் முழுக்க இதே வேலை. இரண்டு வேளைத் தீனியில் இதன் வயிறு நிறையாது. அந்த நீலம் நிஜ நிறமி, பல மீன்களில் இருப்பதுபோல் ஒளியின் ஜாலம் இல்லை. நிறத்தில் மயங்காமல் மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் இரு பக்கமும் ஒட்டியிருந்தால் மீன் பட்டினி.

உறைதீனிக்குப் பழக்க, வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியை மணலில் சாய்த்து வைத்து, பம்புகளை 15 நிமிடம் நிறுத்தி, அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீர்ப் பொடி இறால்) குப்பிக்குள் விட வேண்டும். குப்பிக்குத் தானாக வரத் தொடங்கிய பிறகே உறைந்த சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு கோப்பிபாட்): முதலில் நாலில் ஒரு பங்கு. இங்கே என் மீன் பாதிப் பங்கில் நிற்கிறது; அதற்கு மேல் போனால் துப்புகிறது.

அதற்குள் ஜோடி சேர்க்கும் யோசனை வேறு. முதுகின் முதல் முள் நீண்டிருந்தால் ஆண். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டைதான். அந்தி மங்கும்போது ஜோடி ஒட்டியபடி மேலெழுந்து முட்டையிடும், அதனால் தொட்டிக்கு உயரம் வேண்டும். பெண்ணை மாற்றும்போது வலை வேண்டாம். கன்னத்து முள் சிக்கிக்கொள்ளும். ஒரு டப்பாவில் ஓட்டி, தண்ணீரோடு எடுங்கள்.