நான்காவது ஸ்லைடில் நின்ற எலும்பு

எலும்பை மெலிதாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் போய் மூன்று ஸ்லைடு வீணான பிறகு, நேற்று ராத்திரி மூடிய நான்காவதில் கரும்புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. காலையில் பல் துலக்கும் முன்னாடியே போய்ப் பார்த்துவிட்டேன்.

சைதாப்பேட்டைக் கறிக்கடையில் வாங்கிய ஆட்டுத் தொடை எலும்பு. "நல்லியா தம்பி, உடைச்சுத் தரவா?" என்று கடைக்காரர் கத்தியைத் தூக்கிவிட்டார். "வேணாண்ணே, முழுசா குடுங்க." கத்தி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடும், தேய்க்கும்போது அங்கேதான் பெயரும். ஆக்சா பிளேடில் அறுப்பது, கொழுப்பு நீக்குவது, 220, 400, 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்ப்பது எல்லாம் வழக்கம்போலத்தான். துண்டைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெரிந்ததும் நிறுத்தினேன். இன்னும் நைஸான 2000 நம்பர் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் வண்டி பெயின்ட் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

சிக்கல் முழுக்க ஸ்லைடை மூடுவதில்தான். முதல் மூன்றுக்கும் டிபிஎக்ஸ் என்கிற, ஸ்லைடு ஒட்டும் பிசினை விட்டேன். ஐந்து நிமிடம் அற்புதமாக இருக்கும்: நடுவில் ரத்தக்குழாய் போகும் ஹாவர்சியன் கால்வாய், அதைச் சுற்றி வளையம் வளையமாக எலும்பு அடுக்கு, இடையில் எள் தூவியதுபோலக் கருப்புக் குழிகள், ஒவ்வொரு குழியிலிருந்தும் சிலந்திக்கால் மாதிரி இழைகள். அரை மணி கழித்துப் பார்த்தால் குழியும் இல்லை, இழையும் இல்லை. வெறும் வளையம்.

மூன்றாவது முறைதான் காரணம் பிடிபட்டது. அந்தக் கருப்பு நிறமே அல்ல, காற்று. உயிரோடு இருந்தபோது குழிக்குள் எலும்புச் செல் இருந்தது. இழைகள் அது பக்கத்துச் செல்லுக்குக் கை நீட்டிய வழி. கெட்டியான சுண்ணாம்பு உப்புக்குள் உணவு ஊறிப் போக முடியாது. கால்வாய் ரத்தத்திலிருந்து இந்த வழியாகத்தான் கைமாறிக் கைமாறிப் போகும். காய்ந்த எலும்பில் அங்கே காற்று நிற்கிறது, ஒளியைச் சிதறடித்துக் கருப்பாகத் தெரிகிறது. டிபிஎக்ஸில் சைலீன் என்கிற கரைப்பான் இருப்பதால் நீர்த்துப் போய் இழைக்குள் புகுந்து காற்றை விரட்டிவிடுகிறது. பிசினும் எலும்பும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. அதனால்தான் எல்லாம் மறைந்துபோனது.

சரி, எதையுமே விடாமல் மூடினேன். நன்றாகக் காய்ந்த துண்டு, மேலே கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடி, நான்கு ஓரமும் நெயில் பாலிஷ். பாலிஷைச் சற்று நேரம் திறந்து வைத்து, பாகு பதம் வந்த பிறகு பூச வேண்டும். இல்லையென்றால் அதுவும் உள்ளே ஓடிவிடும். சூப்பர் குளூவும் முயன்றேன். சென்னை ஈரக்காற்றுக்கு வெள்ளையாகப் பூத்துக் கண்ணாடியே மங்கிவிட்டது.

ஆட்டெலும்பில் வளையம் அங்கங்கேதான்; மீதி செங்கல் அடுக்கியது போல. தப்பாக அறுத்துவிட்டோமோ என்று பயந்தேன். வேகமாக வளரும் இளம் ஆட்டுக்கு அப்படித்தான் இருக்கும். பாரிமுனையில் வாங்கி வைத்திருந்த மனித எலும்பு ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் வளையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பழையதை அரித்துவிட்டு அதே இடத்தில் புதியது கட்டப்படுவதால், பாதி தின்ற வளையங்களும் நடுநடுவே கிடக்கின்றன. கிளாப்டன் ஹாவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் கால்வாய்களை 1691-இல் எழுதி வைத்ததை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

அடுத்தது தசை. கோழி நெஞ்சுக்கறியை ஊசியால் இழை இழையாகப் பிரித்து, குறுக்குக் கோடுகளைப் பார்க்க வேண்டும். அப்புறம் செல்லோ டேப்பை முன்கையில் ஒட்டி உரித்தால் தோலின் மேலடுக்கு, கரு இல்லாத தட்டைச் செல்களாக வந்துவிடும். அதற்குச் சாயமேற்ற மெத்திலீன் நீலம் வாங்கியாயிற்று. ஆனால் எலும்பு ஸ்லைடின் இடது ஓரத்தில் பாலிஷ் இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி இரண்டாவது கோட்.