ஒன்றாம் எண் கூண்டும் ஒன்பதரை மணி லாகினும்

பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏறினால் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. எங்கோ தொலைவில் காற்றழுத்தம், கவனமாக இரு என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். படகின் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதே ஊரில் சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் பிள்ளைக்கு, மேனேஜரிடமிருந்து "பேசலாமா?" என்று ஒரு வரி வந்தால் போதும். நெஞ்சுக்குள் நேராகப் பெரும் அபாயத்துக்கான 10ஆம் எண் ஏறிவிடும். செய்ய வேண்டிய வேலையை உடனே மூடிவிட்டு, லாரித் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போவார்.

பயத்தில் வேலையைத் தள்ளிப்போடும் இதை வீட்டில் சோம்பல் என்பார்கள். சோம்பேறி எல்லா வேலையையும் தள்ளிப்போடுவான். இவர் அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்படி அலமாரியையே துடைத்து அடுக்கியிருப்பார். அந்த ஒரு ஃபைலை மட்டும் திறக்க மாட்டார். ஃபைலைத் திறந்தால் வயிற்றில் வரும் பிசைவுக்குத்தான் அவர் ஒளிகிறார். மூடிய இரண்டாவது நிமிடமே நிம்மதி கிடைக்கிறது, அதை மனசு கூலி மாதிரி வாங்கிக்கொண்டு மறுநாளும் மூடச் சொல்கிறது. உளவியலாளர்கள் டிமோதி பிச்சிலும் ஃப்யூஷியா சிரோயும் 2013இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரிக்கட்டப் பார்ப்பதால் வருவது. அதனால்தான் புது டைரியும் கலர் கலரான டைம்டேபிளும் மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை.

எனவே முதலில் பயத்துக்குக் கூண்டு எண் போடுங்கள். காலையில் 5 நிமிடம், ஒரு தாள், ஒரு பேனா. மனதில் உறுத்துவதை ஒவ்வொரு வரியாக எழுதி, பக்கத்தில் எண். "அடுத்த வருஷம் இந்த புராஜெக்ட் இருக்குமா?" என்பது 1. எழுதியாயிற்று, இன்றைக்கு அதற்கு வேலை இல்லை. இன்று மாலை கெடு, பாதிகூட முடியவில்லை என்றால் 3 அல்லது 4. துறைமுகம் வரைக்கும் காற்று வரலாம் என்ற நிலை, இன்றே ஒரு காரியம் செய்தாக வேண்டும்: மதியத்துக்குள் மேனேஜரிடம் "இவ்வளவு முடிந்தது, மீதி நாளை 11 மணிக்கு" என்று சொல்லிவிடுவது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் யாரையாவது போனில் கூப்பிட வேண்டும். பத்து நாள் எழுதினால் பெரும்பாலான வரிகள் 1, 2லேயே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் போனில் எழுத வேண்டாம், எழுதப் போனவர் வாட்ஸ்அப்பில் கரை ஒதுங்குவார். தாளுக்குக் கட்டம் போட்டு அழகு பார்ப்பதும் தள்ளிப்போடுவதில்தான் சேரும்.

கூண்டு வரிசையில் 11 என்று ஒன்று உண்டு. பத்தைவிடப் பெரிய புயல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வானிலை அலுவலகத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான எண் அது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களைப் படுத்துவது பெரும்பாலும் இந்த 11தான். காலை 10 மணிக்கு அனுப்பிய மெயிலுக்கு மாலை 4 வரை பதில் இல்லை. ஆபீஸ் என்றால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இங்கே முகம் இல்லை, அந்த இடத்தை மனசு கோபமான முகத்தால் நிரப்பிக்கொள்ளும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அனுப்பும்போதே முடிவு செய்துவிடுங்கள், சாதாரண விஷயத்துக்கு ஒரு வேலை நாள். அதற்குப் பிறகு ஒரே ஒரு மெயில்: "நேற்று அனுப்பியதற்கு உங்கள் பதில் வருவதற்குள் அடுத்த பகுதியைத் தொடங்கிவிடுகிறேன் சார். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." பதில் வராவிட்டாலும் வேலை நகரும்.

அடுத்தது தொடக்கம். மிளகாய் கமிஷன் கடைக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1க்கு, மாதாமாதம் தாக்கல் செய்பவருக்குக் கெடு 11ஆம் தேதி. "ரிட்டர்ன் போடணும்" என்று எழுதி வைத்தால் 10ஆம் தேதி ராத்திரி வரை அது அப்படியே இருக்கும், அன்றைக்கு போர்ட்டலும் சுற்றிக்கொண்டே நிற்கும். "விற்பனை பில் கட்டை மேசைமேல் வைத்து, முதல் 5 பில்லை எக்ஸலில் ஏற்றுவது" என்று எழுதுங்கள். கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிற அளவுக்கு வேலை சின்னதாக வேண்டும். ஃபிரான்செஸ்கோ சிரில்லோவின் பொமோடோரோ முறை 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்கிறது. பதற்றத்தில் இருப்பவருக்கு 25 அதிகம், 10இல் தொடங்கலாம். நேரம் பார்க்க மேசைக் கடிகாரம். ஓய்வில் ரீல்ஸ் பார்த்தால் 5 நிமிடம் 40 ஆகும், எனவே வாசல் வரை நடை.

சாயங்காலம் மூடும்போது வேலையை ஒரு பில்லின் நடுவில் நிறுத்துங்கள். தேதியும் பில் எண்ணும் ஏற்றியாயிற்று, தொகை மட்டும் பாக்கி. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக அந்தத் தொகையைத் தேடும்.

கரண்ட். இதைவிட நல்ல சாக்கு இந்தக் கரையில் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். "கரண்ட் போனால், இந்த மூன்று பேருக்கு போன் பண்ணுவேன்" என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று கட்டி வைக்கும் திட்டம் நல்ல எண்ணத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது பழைய அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் செருகினால் ரவுட்டரே போய்விடலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துத் தேவை. கடல் பார்த்த ஜன்னலோரம் மேசை போடாதீர்கள். உப்புக்காற்றில் சார்ஜர் முனை பச்சை பூத்து, அதுவும் ஒரு சாக்காகிவிடும்.

"வீட்லதானே இருக்க, பேங்க் வரைக்கும் போயிட்டு வாப்பா" என்று அம்மா சொல்லும்போது "வேலை இருக்கும்மா" என்பது பதிலாகாது. "பன்னிரண்டரைக்குப் போயிட்டு வர்றேன்மா" என்றால் எடுபடும்.

படபடப்பு ஏறிவிட்டால்: 4 வினாடி மூச்சை உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். பலர் நெஞ்சு விம்ம இழுத்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்கிறார்கள். ஆழம் வேண்டாம், நிதானம் போதும். டீ, காபியின் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் மாலை டீயைக் குறைத்தால் தூக்கம் தேறும்.

இத்தனைக்குப் பிறகும் பதற்றம் மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்கள் விடாமல் இருந்தால், தூக்கம் கெட்டால், மருத்துவரைப் பாருங்கள். மனசு சரியில்லை என்றாலே "ஏர்வாடிக்கா?" என்று கேலி பேசும் வாய்கள் நம் பக்கம் உண்டு, பேசிவிட்டுப் போகட்டும். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். என்ன சொல்வது என்று தெரியாமல் வாய் அடைத்தால், காலையில் எழுதிய கூண்டுத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தால் போதும்.